கண்ணீர் கூடாத இருபத்தைந்து நாட்கள்

கணவாய் ரோட்டில் கல் உடைக்கிறவர்களில் யாருக்காவது பார்வை மங்கினால், "மேஸ்திரியைப் போய்ப் பாரு, அவரு ஆபரேஷன் செஞ்சுக்கிட்டவரு" என்று என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வந்து உட்கார்ந்து, கத்தி வைக்கும்போது வலிக்குமா, கண்ணைத் தோண்டி வெளியே எடுப்பார்களா, எத்தனை நாள் படுக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். வலிக்காது, தோண்ட மாட்டார்கள், பத்து நாள் என்று சொல்லி அனுப்புகிறேன். ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு அதுவரை தெரிந்தால் போதும். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், கூலியாட்களின் வருகையை மஸ்டர் ரோலில் எழுதிப் பழகிய கை. சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொப்பூர்க் கணவாயில் மலையை வளைத்துக்கொண்டு போகும் ரோட்டில் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்து வருஷம் கூலி. பிறகு எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று மேஸ்திரி ஆக்கினார்கள். ஜல்லி உடைப்பது பெண்கள் வேலை. அந்தப் பக்கத்துக் கல் வெள்ளை வெங்கக்கல். பங்குனி, சித்திரையில் பத்து மணிக்கு மேல் அந்தக் குவியலை நேராகப் பார்க்க முடியாது, கண் கூசித் தண்ணீர் கொட்டும். பெண்கள் அதையே பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை சுத்தியலைப் போடுவார்கள். தலையில் மடித்துப் போட்ட சேலைத் தலைப்புதான் அவர்களுக்கு நிழல். மேஸ்திரிக்கு மட்டும் ஒரு கறுப்புக் குடை உண்டு.

என் மனைவி காவேரியும் அந்தப் பெண்களில் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்பும் உடைத்தாள், பின்பும் உடைத்தாள். எங்களுக்கு இருந்தது ஒரே மகள், பச்சியம்மா. அவள் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம்வரை காவேரி கல் உடைத்தாள்.

ரோட்டு வளைவில் ஒரு புளியமரம் இருந்தது. வெயில் ஏறினால் பெண்கள் கல்லைக் கூடையில் அள்ளிக்கொண்டு அதன் நிழலுக்கு நகர்வார்கள். ஓவர்சியர் வந்து அளக்கும்போது குவியல் அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் நான் விடமாட்டேன். "நெழல்ல குந்துனா கை ஓடாது, எந்திரிங்க" என்று விரட்டுவேன். காவேரியைத்தான் முதலில் விரட்டுவேன். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் பேசிவிடக் கூடாதே.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபோது என் கண் மங்கத் தொடங்கியது. முதலில் நடுப்பகலில்தான் தொந்தரவு. உச்சி வெயிலில் எதிரே வருவது லாரியா மாட்டுவண்டியா என்று தெரியாது. சாயங்காலம் கொஞ்சம் தெளியும். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது. பிறகு மஸ்டர் ரோலில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பெயர் கூப்பிடும்போது காவேரி கூடையோடு என் பக்கத்தில் வந்து நின்று, வருகிறவர் யார் என்று உதடு அசையாமல் சொல்லுவாள். நான் அதை எழுதுவேன். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினோம். அதற்காக அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் சந்தையில் ஒரு கண் வைத்தியனைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வெற்றிலை போடும் நேரத்தில் பார்வை தருகிறவன் என்றார்கள். காவேரி வேண்டாம் என்றாள். "பொம்பளைக்கு என்னா தெரியும்" என்று போய்விட்டேன். அவன் என்னை ஒரு கல்லில் உட்காரவைத்து, தலையை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஊசியை ஏற்றி உள்ளே ஏதோ தள்ளினான். வலியில் நான் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்திருக்கும். ஆனால் பார்வை வந்தது. விரல் தெரிந்தது, ஆள் தெரிந்தது. வைத்தியன் துணியைக் கட்டிவிட்டு அடுத்த சந்தைக்குப் போய்விட்டான்.

மூன்று நாள் அந்தக் கண்ணால் பார்த்தேன். நான்காம் நாள் கண்ணுக்குள் நெருப்பைக் கொட்டியதுபோல வலி எடுத்தது. சீழ் வடிந்தது. ஒரு வாரத்தில் கண் சுருங்கி உள்ளே போய்விட்டது.

தர்மபுரியில் கண்ணுக்கென்று சில கட்டில்கள் போட்டிருந்த ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. என் தம்பி மாதையனும் காவேரியும் பஸ் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். வரிசையில் காலை முதல் பகல்வரை உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் காட்டுவேலைக்காரர்கள், ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுகிறவர் ஒருவர், நெல் காயவைக்கும் களத்துப் பெண் ஒருத்தி. டாக்டர் நடுத்தர வயதுக்காரர், சத்தமாகப் பேச மாட்டார். இடது கண்ணை ஒருமுறைதான் பார்த்தார்.

"இது போயிட்டது. இனிமே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். பிறகு வலது கண்ணில் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "என்ன வேலை?"

"ரோட்டு மேஸ்திரிங்க. கணவாய்ல."

"எத்தனை வருஷம்?"

"இருவத்தெட்டு வருசங்க."

அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். கண்ணுக்குள் கண்ணாடிபோலத் தெளிவான ஒரு வில்லை இருக்கிறதாம். அது பால் கலந்த தண்ணீர்போல ஆகிவிட்டால் அதற்குத்தான் புரை என்று பேர். வயதானால் பலருக்கும் வரும், வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஆயுள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்களுக்குச் சீக்கிரம் வருவதை அவர் இந்த ஊரில் தினமும் பார்ப்பதாகச் சொன்னார். என் மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி ஒரு சதை வளர்ந்திருந்தது. அதுவும் வெயிலிலும் தூசியிலும் கிடக்கிறவர்களுக்கு வருவதுதானாம்.

"எனக்குக் குடை இருந்துதுங்களே" என்றேன்.

"குடை மேலேயிருந்து வருகிற வெயிலைத்தான் தடுக்கும். கீழே வெள்ளைக் கல்லில் பட்டு முகத்துக்கு எகிறுகிற வெளிச்சத்தை என்ன செய்யும்?" என்றார். பிறகு, "கல் உடைக்கிறவர்களுக்குக் குடை உண்டா?" என்று கேட்டார்.

காவேரி என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

புரை இன்னும் முற்றவில்லை, முற்றிய பிறகுதான் எடுக்க முடியும், ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வருஷம் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வேறு மேஸ்திரி வந்துவிட்டான். யுத்த காலம், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. காவேரியின் கூலி ஒன்று போதவில்லை. பதினாலு வயதுப் பச்சியம்மா அம்மாவோடு கல் உடைக்கப் போனாள். முதல் நாள் சாயங்காலம் வந்து என் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்தாள். கொப்புளம் கொப்புளமாக இருந்தது. "உங்க ரோட்டுக் கல்லு ரொம்பக் கெட்டிங்கப்பா" என்று சிரித்தாள். அவள் முகம் எனக்கு அப்போது மங்கலான ஒரு வட்டம்தான்.

ஒரு வருஷத்தில் பகலும் இரவும் மட்டும் தெரிகிற நிலைக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆபரேஷன் அன்று கண்ணில் ஏதோ சொட்டு மருந்து விட்டார்கள். இமை மரத்துப்போனது. "கீழே பாருங்கள், அசையாதீர்கள்" என்றார் டாக்டர். கத்தி பட்டது தெரிந்தது, ஆனால் வலி இல்லை. பிறகு திடீரென்று கதவைத் திறந்ததுபோல வெளிச்சம். டாக்டரின் விரல்கள் தெரிந்தன. எத்தனை என்று கேட்டார். "மூணுங்க" என்றேன். உடனே இரண்டு கண்ணையும் மூடிக் கட்டுப் போட்டுவிட்டார்கள்.

படுக்கையில் கொண்டுபோய் மல்லாக்கப் போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். டாக்டர் என்னிடமும் காவேரியிடமும் சேர்த்தே சொன்னார்: "கண்ணை வெட்டித் திறந்திருக்கிறேன். தையல் கிடையாது. தானாக ஒட்ட வேண்டும். பத்து நாள் தலையைத் திருப்பக் கூடாது. இருமக் கூடாது, தும்மக் கூடாது, கடித்துத் தின்னக் கூடாது. முக்கியமாக அழக் கூடாது. அழுகையில் கண்ணை இறுக்கினால் வெட்டு திறந்துகொள்ளும். உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். உங்களுக்கு இருப்பது ஒரு கண்."

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பது மூன்றாம் நாளே தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் சித்தேரி மலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், எனக்கு ஒரு நாள் முன்னால் ஆபரேஷன் ஆனவர். சாமை விதைக்கிற குடும்பம். புகையிலைப் பழக்கம், நெஞ்சில் சளி. மூன்று நாளாக இருமலை அடக்கிக்கொண்டே இருந்தார். அந்த மத்தியானம் அடக்க முடியவில்லை. ஒருமுறை இருமினார், தொடர்ந்து நாலைந்து முறை இருமினார். பிறகு "சாமீ" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. எஸ்தர் என்ற நர்ஸ் ஓடிவந்து கட்டைப் பிரித்தாள். காவேரி என் கட்டிலை ஒட்டி நின்று அதைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று அவளிடம் கேட்டேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெரியவரை மறுநாள் மலைக்குத் திருப்பிக் கூட்டிப்போனார்கள்.

நாலாம் நாள் காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு எழுந்த காவேரி திரும்பி வரவில்லை. மத்தியானம் எஸ்தர்தான் வந்து மோர் கொடுத்தாள்.

"காவேரி எங்க?"

"ஊர்ல ஏதோ வேலையாம், உங்க தம்பி வந்து கூட்டிட்டுப் போனாரு. நாளைக்கு வந்துருவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. குருடனாகக் கட்டிலில் கிடக்கிற புருஷனைவிட ஊரில் அப்படி என்ன வேலை? ஒன்றரை நாள் அந்தக் கோபத்தை வளர்த்துக்கொண்டே கிடந்தேன். வந்தால் என்ன கேட்பது என்று சொல் சொல்லாக அடுக்கிவைத்தேன். மறுநாள் பொழுது சாயும் நேரம் காலடிச் சத்தம் கேட்டது. அவள்மேல் பினாயில் வாடை அடித்தது. தலை நனைந்திருந்தது, ஒரு சொட்டு என் கையில் விழுந்தது.

"எங்கடி போன? நான் செத்தேனா இருக்கேனான்னு பாக்க ஆளில்ல, ஊரு சுத்தப் போயிட்டியா?"

"வெள்ளாட்டுக்கு ஒடம்பு சரியில்லீங்க. அதான் மாதையன் வந்து கூப்புட்டான்."

"ஆட்டுக்கா? என்னைய வுட ஆடு பெருசாப் போச்சா ஒனக்கு? இது என்ன நாத்தம், பினாயில்ல குளிச்சியா?"

"ஆஸ்பத்திரில எல்லாரையும் அப்பிடித்தான் குளிச்சிட்டு வரச் சொல்றாங்க."

"ஆடு?"

"செத்துப்போச்சுங்க" என்றாள்.

"போய்த் தொலையட்டும்" என்றேன்.

இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த நிமிஷம் நான் என்னென்ன பேசினேனோ அத்தனையும் அப்படியே நினைவிருக்கிறது. அவள் மோரில் கரைத்த கம்பங்கூழை எனக்கு ஊட்டினாள். கரண்டி என் பல்லில் தட்டியது. ஒழுங்காக ஊட்டத் தெரியாதா என்று அதற்கும் திட்டினேன்.

அதற்கப்புறம் ஐந்து நாள். நாள் முழுவதும் மல்லாந்து கிடப்பவனுக்குப் பேச்சுதான் சாப்பாடு. மகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பச்சி என்னா பண்றா? எனக்குச் சொல்லி அனுப்புனாளா?" என்பேன். காவேரி சொல்லுவாள். மாதையன் வீட்டில்தான் சாப்பிடுகிறாள் என்றாள். சித்தப்பா பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறாள் என்றாள். கோழி அடை வைத்திருக்கிறாள், எட்டுக் குஞ்சு பொரித்தது, ஒன்றைப் பருந்து தூக்கிவிட்டது என்றாள். "அழுதாளா?" என்று கேட்டேன். "கொஞ்ச நேரம் அழுதாளாம்" என்றாள் காவேரி. ஒரு நாள் சொன்னதற்கும் மறுநாள் சொன்னதற்கும் முரண் வராது. அவ்வளவு பத்திரமாகச் சொன்னாள்.

அந்த நாட்களில் வார்டில் எல்லாரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். போன வருஷம் வரிசையில் கூட இருந்த பரிசல்காரரும் அங்கேதான் கிடந்தார், அவர் மனைவி எனக்கு ஆரஞ்சுச் சாறு பிழிந்து கொடுத்தாள். எஸ்தர் வேலை முடிந்த பிறகும் வந்து உட்கார்ந்து பைபிள் கதை சொன்னாள். யாரும் என் முன்னால் உரக்கப் பேசவில்லை. மேஸ்திரி என்ற மரியாதை இங்கேயும் இருக்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காவேரியிடம் சொன்னேன்: "நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. பச்சியக் கூட்டியாரச் சொல்லு. கண்ணத் தெறந்ததும் அவ மூஞ்சியத்தான் பாக்கணும். ஒன் மூஞ்சியப் பாத்து என்னா ஆவப்போவுது?"

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"சரிங்க" என்றாள்.

பத்தாம் நாள் காலையில் ஜன்னல்களுக்குத் துணி போட்டுவிட்டுக் கட்டைப் பிரித்தார்கள். முதலில் எல்லாம் நீலமாகத் தெரிந்தது. சுவர் நீலம், டாக்டரின் சட்டை நீலம். உருவங்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்தன. எடுத்துவிட்ட வில்லைக்குப் பதிலாகத் தடித்த கண்ணாடி போட்டால்தான் தெளிவாகத் தெரியும் என்று சொல்லி, டாக்டர் ஒரு தடித்த வில்லையைக் கண்முன்னால் பிடித்தார். அவர் முகம் மீசை முடிகூடத் தெரியும்படி வந்து நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தெரியுதுங்க! எல்லாந் தெரியுது!" என்றேன். வில்லையை அவர் கையிலிருந்து வாங்கி நானே பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

கட்டில் காலருகே மாதையன் நின்றிருந்தான். அவனுக்கு மீசை இல்லை. தலையில் துண்டைச் சுற்றியிருந்தான், காதோரம் தோல் வெளுத்துத் தெரிந்தது. மொட்டை அடித்திருந்தான்.

எங்கள் தாய் தகப்பன் எப்போதோ போய்விட்டார்கள். அவன் என் இடத்தில் நின்று மொட்டை அடிக்கும்படி எங்கள் குடும்பத்தில் இருப்பது யார் என்று நினைத்துப் பார்க்க நெடுநேரம் ஆகவில்லை. வில்லையைக் காவேரி பக்கம் திருப்பினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் சிரித்தது. ஒரு வருஷமாகப் பார்க்காத முகம், பத்து வருஷம் கடந்திருந்தது.

நான் வாயைத் திறந்தேன். அவள் குனிந்து உள்ளங்கையால் என் வாயை மூடினாள்.

"கேக்காதீங்க. இன்னும் பதினஞ்சு நாளு ஆவணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அது வரைக்கும் கேக்காதீங்க."

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். "மூச்சை வாயால் விடுங்கள்" என்றார். "வாயால்... மெதுவாக." எஸ்தர் வில்லையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். மறுபடி கட்டுப் போட்டார்கள்.

நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளின் குடும்பத்துக்கென்று ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் பதினைந்து நாள் தங்கினோம். ஊருக்குப் போனால் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், அதற்காக. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உப்புப் போதுமா என்பாள், போதும் என்பேன். கோழிக்குஞ்சுக் கதை நின்றுபோனது.

அழாமல் இருப்பது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். நெஞ்சுக்குள் கிளம்பும்போதே வாயைத் திறந்து மூச்சு விட வேண்டும். தொண்டைக்கு வந்துவிட்டால் கஷ்டம். கணவாய் ரோட்டின் மைல் கற்களை ஒவ்வொன்றாக மனதில் நினைத்துப் பார்ப்பேன். அது போதாதபோது மஸ்டர் ரோலில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே சொல்லுவேன். பச்சியம்மா அந்த வேலைக்குப் போனது நான் விலகிய பிறகு. என் கையெழுத்தில் அந்த வரிசையில் அவள் பெயர் கிடையாது. அதனால் பயமில்லாமல் கடைசிவரை சொல்ல முடிந்தது.

பதினைந்தாம் நாள் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது என்றார். காவேரி முன்னால் வந்து நின்றாள்.

"இனிமே அவரு அழுவலாங்களா?"

டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அழலாம் அம்மா" என்றார்.

அவள் என்னிடம் திரும்பினாள். "அழுவலாமாமுங்க."

வெளியே வேப்பமரத்தடியில் என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வாந்திபேதி. விடிந்ததும் கல் உடைக்கப் போன பச்சியம்மா வேலையிடத்திலேயே வாந்தி எடுத்திருக்கிறாள். அந்தப் புளியமரத்தடியில் படுக்கவைத்திருக்கிறார்கள். மாதையன் வண்டி கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, காவேரியைக் கூப்பிட வந்திருக்கிறான். காவேரி போய்ச் சேர்ந்தபோது பச்சியம்மாவுக்கு நினைவு இருந்தது.

"தண்ணி தண்ணின்னு கேட்டா. பேதிக்காரங்களுக்குத் தண்ணி குடுத்தா போயிருவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் குடுக்கல. ராத்திரியெல்லாம் கேட்டா. எங்கையப் புடிச்சி, ஒரு வாயி குடும்மான்னா. குடுக்கல. விடியறதுக்கு முன்னால போயிட்டா." சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். "இங்க திரும்பி வந்து டாக்டரு கிட்ட சொன்னேன். தண்ணி குடுத்திருக்கணும்மா, அதுதான் மருந்துன்னாரு."

நான் அழுதேன். இருபத்தைந்து நாள் அடைத்துவைத்தது எல்லாம் வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். காவேரி என் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. என் துக்கத்தை மட்டும்தான் பார்த்தேன்.

புறப்படுவதற்கு முன் என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது எப்படி என்று எஸ்தர் அவளுக்குக் காட்டிக்கொடுத்தாள். காவேரி விட்ட சொட்டு கன்னத்தில் விழுந்தது. மறுபடி விட்டாள், புருவத்தில் விழுந்தது. டாக்டர் அவளை ஜன்னலோரம் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் கண்ணைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. மூக்கோரத்துச் சதை என்னுடையதைவிடப் பெரியது.

"இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே அம்மா?"

"அவரு கண்ணுதானங்க மொதல்ல" என்றாள்.

கரண்டி ஏன் என் பல்லில் தட்டியது என்று அப்போதுதான் விளங்கியது. இன்னும் ஓரிரண்டு வருஷத்தில் முற்றும், அப்போது வந்தால் எடுத்துவிடலாம், முடிந்தவரை வெயிலில் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். என் கண்ணாடிக்கான வில்லை யுத்தத்தால் கப்பலில் வராமல் எட்டு மாதம் தாமதமானது. அந்த எட்டு மாதமும் காவேரி கணவாயில் கல் உடைத்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம். கண்ணாடி வந்த பிறகு நான் ஒரு மண்டியில் கணக்கெழுதச் சேர்ந்து அவளை நிறுத்தினேன். அதற்குள் அவளுக்கு எதிரே நிற்கும் ஆள் தெரியாது, குரலை வைத்துத்தான் தெரியும்.

சில வருஷம் அப்படியே ஓடி, போன தைமாதம்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டர். தலை நரைத்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறது, நாளைக்கே செய்யலாம், நிச்சயம் பார்வை வரும் என்றார். எனக்குச் சந்தோஷம். கட்டிலுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வூட்டுக்குப் போலாங்க" என்றாள்.

வலிக்காது என்று சொன்னேன். எல்லாருக்கும் சொல்கிற அத்தனையும் சொன்னேன். கத்தி படுவதுகூடத் தெரியாது, பத்தே நாள், நான் பக்கத்திலேயே இருப்பேன், நான் ஊட்டிவிடுவேன் என்றேன்.

"வலிக்கெல்லாம் பயமில்லீங்க. கட்டப் போட்டுட்டு அழுவாம கெடன்னு சொல்லுவாங்க. ஒருக்கா இருந்துட்டேன். இன்னொருக்கா என்னால ஆவாது."

அவளைக் கைப்பிடித்து பஸ்ஸில் ஏற்றினேன். ஜன்னலோரம் வெயில் அடித்தது. வில்லைக்குள் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. தொப்பூர் வரும்வரை அவள் அழுதுகொண்டே வந்தாள்.